சரிபார்க்கப்பட்டது

அத்தியாயம் 11

போன வாரம் அக்காவை ஆபீஸ் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. முகத்தைக் கழுவி, மீதி வேலையை முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மூன்று பேருக்குச் சமைத்து, படுத்து, எழுந்தும்விட்டாள். தலையில் இடி விழுந்தால் ஆட்கள் அலறுவார்கள் என்று என்னைப் போலக் கதை எழுதுகிறவர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அறுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்க ஒரு காலை வெளியே வைத்தார். லிஃப்ட் நிற்காமல் மேலே நகர்ந்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை.

அடுத்த சில மணி நேரத்தில் ஒரு வீடியோ பரவியது. அதே கட்டடத்தின் கேட்டைத் திறந்துகொண்டு, தோளில் கருவிப் பையோடு, போனில் பேசிச் சிரித்தபடி ஒரு மெக்கானிக் வெளியே வருகிறான். மொத்தம் பத்தொன்பது வினாடி. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் புது ஸ்கூட்டரைப் படம் பிடித்தபோது பின்னால் தற்செயலாக விழுந்தது அது. அதை எடுத்து யாரோ மேலே ஒரு வரி எழுதினார்கள்: ‘ஒரு உயிர் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். சிரித்துக்கொண்டே போகிறான் பாருங்கள்.’

நம் அக்காவுக்கு ஒரு நாளிதழில் வேலை. சமூக ஊடகத்தில் சுற்றுகிற படமும் வீடியோவும் நிஜமா, பழசா, ஒட்டுப்போட்டதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்கிற சரிபார்ப்புப் பிரிவு. அந்த வீடியோ அவளிடம்தான் வந்தது. கேட் கம்பியின் வளைவைப் பார்த்தாள். எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தின் நிழலை அளந்து, எதிர்வீட்டுக்காரரின் மூலப் பதிவில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டு, மணி ஐந்து முப்பத்துநாலு என்று உறுதி செய்தாள். ‘காணொலி உண்மையானது. சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை முத்திரை போட்டாள்.

மறுநாள் காலை தம்பி மனைவி போன் செய்து, “அண்ணி, வீடியோ பார்த்தீங்களா, அது இவர்தான்” என்றாள்.

கூடப் பிறந்தவனை எப்படித் தெரியாமல் போகும் என்று போன வாரம் நிறையப் பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீடியோ வந்தவுடன் அதில் இருக்கும் ஆளின் மேல் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தைப் போட்டு மறைத்துவிடுவார்கள். ஆளைப் பார்த்தால் மனசு உடனே ஒரு கதை கட்டிவிடும். ஆளைச் சுற்றி இருப்பதை மட்டும் பார் என்பது அவர்கள் பாடம். அக்கா ஒன்பது வருடமாக அந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவள். பத்தொன்பது வினாடியும் அவள் தம்பி ஒரு சாம்பல் கட்டமாகவே நடந்து போனான்.

அந்த மெக்கானிக் அவள் தம்பி என்பது ஆபீஸுக்குத் தெரியாது. முத்திரை போட்டது அவள் என்பது வீட்டுக்குத் தெரியாது.

இன்று வியாழக்கிழமை.

தம்பியும் அவன் மனைவியும் அக்காவின் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்ததால் நேற்று மாலை பின்வழியாக வந்துவிட்டார்கள். தம்பி பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ. அது ஆறி ஆடை கட்டியிருந்தது.

“வேற டீ போடட்டுமாடா?”

“ம்.”

“சாப்பிடறியா?”

“ம்.”

எதைக் கேட்டாலும் ‘ம்’தான். இரண்டு நாளாக வேறு வார்த்தை வரவில்லை. வேறு டீ கொண்டுவந்து வைத்தால் அதற்கும் ஆடை கட்டும்.

சமையலறையில் தம்பி மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நேற்று கடைக்காரர், “ஒரு வாரம் வீட்ல இரும்மா, கஸ்டமர் எல்லாம் ஒரு மாதிரி பார்க்கறாங்க” என்று சொல்லிவிட்டார். அவளுடைய பக்கத்திலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து யாரோ வீடியோவோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். எல்லாக் கணக்கையும் மூடிவிட்டாள். மூடுவதற்குள் நாலாயிரம் பேர் வாழ்த்திவிட்டுப் போயிருந்தார்கள், அவர்கள் பாணியில்.

“சித்தப்பா போன் பண்ணினார்” என்றாள்.

“என்னவாம்?”

“ஸாரி சொன்னார். அழுதார். நான்தான் பரவாயில்ல விடுங்கன்னு சமாதானம் பண்ணினேன்.”

சித்தப்பா குடும்ப குரூப்பில் அந்த வீடியோவை முதலில் போட்ட ஆள். ‘இந்த மாதிரி ஆளையெல்லாம் உள்ளே தள்ளணும்’ என்று கூடவே எழுதியிருந்தார். தூக்கி வளர்த்த பிள்ளையை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவருக்குக் கண்புரை இருந்தது. அக்காவுக்கு அது கூட இல்லை.

“அண்ணி, ஒண்ணு கேட்கட்டுமா?” தம்பி மனைவி கத்தியை வைத்தாள். “வீடியோ போட்டவன் யாரோ எவனோ. அவனை விடுங்க. அது உண்மைன்னு உங்க பேப்பர்ல முத்திரை போட்டதுக்கு அப்புறம்தான் எல்லாரும் நம்பினாங்க. அதைப் போட்டது யாருன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா?”

“எதுக்கு?”

“சும்மா. ஒரு தடவை மூஞ்சியைப் பார்க்கணும்.”

அக்கா அவளை நேராகப் பார்த்தாள். வெங்காயத்தால் அவள் கண் கலங்கியிருந்தது, அக்காவின் கண் கலங்கவில்லை. உள்ளே ஏதாவது நடக்கும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி எல்லாம் மரத்துப்போய் இருந்தது.

“பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. லிஃப்ட் வேலை முடியலைன்னு பலகை மாட்டிட்டு வந்திருந்தா இவர் மேல தப்பு இல்லையாம். மாட்டாம வந்திருந்தா கேஸ். வக்கீல் அவ்வளவுதான் சொன்னார். இவர் வாயைத் திறந்தாத்தானே.”

“பலகை மாட்டாம வர்ற ஆளா அவன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

பால்கனியில் இருப்பவனுக்கு இது கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

சரிபார்ப்புப் பிரிவின் தலைவரை ஆபீஸில் எல்லோரும் ‘ரெண்டு தடவை’ என்று அழைப்பார்கள். முன்னால் அல்ல, பின்னால். எதைக் கொண்டுபோனாலும் “ரெண்டு தடவை பார்த்தீங்களா?” என்பார். கேன்டீனில் டீ வந்தால்கூட இரண்டு தடவை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார்.

அக்கா அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

“சார், அந்த மெக்கானிக் என் தம்பி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எப்பத் தெரியும்?”

“நேத்துக் காலையில.”

“முத்திரை போடும்போது?”

“தெரியாது. கட்டம் போட்டிருந்தேன்.”

திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். ‘லிஃப்ட்’ என்ற வரிக்கு எதிரே இருந்த அவள் எழுத்தை அழித்துத் தன் எழுத்தைப் போட்டார். சொந்த வீட்டு விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

“வீடியோ உண்மைதான்” என்றார். “இடம் சரி, நாள் சரி, நேரம் சரி. தப்பு அது இல்லை. மேல எழுதியிருந்த வரியையும் சேர்த்து நாம உண்மைன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ஏன் சிரிச்சான், லிஃப்டை எந்த நிலையில விட்டுட்டுப் போனான், எதுவும் நமக்குத் தெரியாதுன்னு ஒரு வரி போட்டிருக்கணும். நானும்தானே பார்த்தேன். நானும் போடலை.”

“நான் தேடட்டுமா சார்?”

“எழுதக் கூடாது.”

“எழுதலை. தேடறேன்.”

“கிடைக்கிறது எதுவா இருந்தாலும் என் கைக்கு வரணும். அவனுக்கு நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி. யாருக்காவது மெசேஜ் போட்டீங்கன்னா நீங்க யாருங்கறது முதல் வரியில இருக்கணும். ரெண்டாவது வரியில இல்லை.”

“சரி சார்.”

இதைச் சொல்லிவிட்டால் மனபாரம் குறையும் என்று எங்கோ படித்திருந்தாள். குறையவில்லை. கூடவும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு குரூப் இருந்தது. உள்ளே இருப்பவர் சேர்த்தால்தான் நுழையலாம். கற்பனைப் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, ‘மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கேன்’ என்று கதவைத் தட்டினால் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். அக்காவின் விரல் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, போயிற்று. பிறகு, அப்படி நுழைந்து எடுத்தது எதுவும் நாளை பத்து மணிக்கு நிற்காது என்று தோன்றியதால் திரும்பி வந்துவிட்டாள். நல்லெண்ணத்தைவிட நடைமுறை பல நேரம் நம்மை நல்லவராக வைத்திருக்கிறது.

பொதுவில் இருப்பதை மட்டும் தேடினாள். கட்டடத்தின் பெயர், தெருப் பெயர், லிஃப்ட், செவ்வாய்க்கிழமை. அந்த இடத்தில் எடுத்ததாகக் குறித்த படங்கள். பிறந்தநாள் கேக். பூனை. நாலாவது மாடிப் பெண்ணின் புதுச் செருப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. அக்கா எழுந்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்கு ஒரு பக்கத்தில் போய் நின்றாள். நாற்பத்து மூன்று பேர் மட்டும் பின்தொடரும் சின்னப் பக்கம். முழுக்க மூக்குக்கண்ணாடிகள். கடையில் வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப்போன கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார் அந்த மனிதர். ஒன்றின் கீழே, ‘இதை விட்டுவிட்டுப் போனவர் எப்படி வீட்டைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை’. இன்னொன்றின் கீழே, ‘கணவருடையது. மனைவி வாங்கிப் போக வந்தார். நாலில் எது என்று அவருக்குத் தெரியவில்லை’.

அக்கா எட்டு கண்ணாடி வரை பார்த்த பிறகுதான் லிஃப்டில் இறந்தவர் இவர்தான் என்று புரிந்தது. பத்திரிகைகள் அவர் பெயரை முழுதாகப் போடவில்லை. அதனால் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

கடைசிப் பதிவு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி இரண்டு நிமிடம். அதில் கண்ணாடி இல்லை. லிஃப்ட் கதவு. கதவின் குறுக்கே மஞ்சள் பலகை: ‘பழுது. ஏறாதீர்கள்.’ கீழே அவர் எழுதியிருந்தார்: ‘மூன்றாவது நாள். ஏழு மாடி. என் முழங்கால்கள் என்னை மன்னிக்கட்டும்.’

ஆறு மணி இரண்டு நிமிடம். தம்பி கிளம்பியது ஐந்து முப்பத்துநாலு.

அப்படியானால் அவன் பலகையை மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். அதற்கப்புறம்தான் வேறு யாரோ கழற்றியிருக்கிறார்கள். அக்காவின் உள்ளங்கையில் வேர்வை வந்தது. இரண்டு நாளில் உடம்பு செய்த முதல் காரியம் அதுதான்.

திரையை அப்படியே படம் எடுத்துக்கொண்டு ‘ரெண்டு தடவை’யிடம் ஓடினாள். அவர் முதல் தடவை பார்த்தார். இரண்டாம் தடவை பார்த்தார்.

“இது போட்ட நேரம்” என்றார். “எடுத்த நேரம்?”

அவளுக்குத் தெரியாமல் இல்லை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. தன் தம்பி என்றதும் அது மட்டும் மறந்துவிட்டது.

“இதை அப்படியே போட்டா ஊர் நம்பும் சார்.”

“நம்பும். செவ்வாய்க்கிழமையும் நம்புச்சே.”

அவள் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“மூலப் படம் அவர் போன்லதான் இருக்கும். போன் அவர் வீட்ல இருக்கும். கேட்கறதும் கேட்காததும் உங்க இஷ்டம்மா. நான் கேட்கச் சொல்ல மாட்டேன்.”

*

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு மகள். அவர் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘அப்பா, போதும்’ என்று எழுதியிருப்பவள் அவள்தான்.

துக்க வீட்டாருக்கு எப்படி மெசேஜ் போடுவது என்று அவர்கள் ஆபீஸில் தயாராக ஒரு வாசகம் உண்டு. ‘உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தம்’ என்று தொடங்கும். அக்காதான் நாலு வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தாள். நிறையப் பேர் அதற்குப் பதில் போட்டிருக்கிறார்கள், படம் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து ஒட்டினாள். படித்தாள். அழித்தாள்.

பிறகு இப்படி எழுதினாள்:

‘அந்த லிஃப்டைப் பழுதுபார்த்த மெக்கானிக்கின் அக்கா நான். ஒரு நாளிதழின் சரிபார்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த வீடியோ உண்மை என்று முத்திரை போட்டதும் நான்தான். இதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் படிக்க வேண்டாம். உங்கள் அப்பா கடைசியாகப் போட்ட பலகைப் படத்தை அவர் எத்தனை மணிக்கு எடுத்தார் என்று தெரிய வேண்டும். அது என் தம்பிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். அந்த மூலப் படத்தை அனுப்ப முடியுமா? என்ன தெரிந்தாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.’

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு எட்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டாள். திட்டி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. நாலே காலுக்குப் படம் வந்தது. அதோடு குரல் பதிவு ஒன்றும் வந்தது. அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். சளி பிடித்தது போன்ற, ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

“அப்பா போன் என்கிட்டதான் இருக்கு. படத்துல அஞ்சு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. படியேறி மேல வந்து, மூச்சு வாங்கிட்டு, டீ குடிச்சிட்டு, அப்புறமா உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு எழுதிப் போட்டாரு. ரெண்டு வரி எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் கடைச் சாவியை மறந்துட்டேன்னு கீழே கிளம்பினாரு. எங்க மாடிக் கதவுலயும் பலகை இல்லாததைப் பார்த்துட்டு, சரியாயிடுச்சுன்னு என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டு ஏறினாரு. சந்தோஷமா ஏறினாரு.”

சிறிது நேரம் வெறும் இரைச்சல். எங்கோ பாத்திரம் வைக்கிற சத்தம்.

“உங்க தம்பி மேல எனக்குக் கோபம் வருதான்னு பார்க்கறேன். வரலை. எதுவுமே வரலை. அந்தப் பலகையைக் கழட்டினது யாருன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அக்கா மறுபடி கேட்டாள். பிறகு காகிதத்தில் இரண்டு நேரங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். ஐந்து இருபத்தொன்று. ஐந்து முப்பத்துநாலு. படம் எடுத்தபோது தம்பி இன்னும் கட்டடத்துக்குள்தான் இருந்திருக்கிறான்.

‘ரெண்டு தடவை’ அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

“பதிமூணு நிமிஷம்” என்றார். “இது அவனைக் காப்பாத்தவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. இந்தப் பதிமூணு நிமிஷத்துல பலகை இருந்துச்சா, எடுத்தாங்களா? யாருக்குத் தெரியும்?”

“ஒருத்தனுக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

“நான் போன் பண்ணட்டுமா?”

“எடுக்க மாட்டான். நான் போய் அவனையே உங்களுக்குப் பேச வைக்கறேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன் சீட்டில் இருந்த பையன் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தாள். தம்பியின் வீடியோவுக்குப் பின்னால் யாரோ பாட்டு சேர்த்திருந்தார்கள். சிரிக்கும் இடத்தில் தாளம் சரியாக விழுந்தது. அக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள், கட்டம் போடாமல்.

*

வீட்டுக்குள் போனபோது ஐந்தே முக்கால். தம்பி அதே நாற்காலியில் இருந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு கேள்வி கேட்கறேன். ‘ம்’னு சொல்லாதே.”

அவன் நிமிர்ந்தான்.

“அஞ்சு இருபத்தொண்ணுக்கு அங்க பலகை இருந்திருக்கு. போட்டோ இருக்கு. நீ வெளிய வந்தது அஞ்சு முப்பத்துநாலு. வரும்போது பலகை இருந்துச்சா?”

அவன் டீ கிளாஸைத் தரையில் வைத்தான். அது சாயாமல் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு பேசினான்.

“நான்தான்க்கா கழட்டினேன்.”

அக்கா முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“பிரேக் கட்டை தேஞ்சிருந்துச்சு. புதுசு வரலை. நாளைக்கு வரும்னாங்க. நான் பலகையை விட்டுட்டுத்தான் கிளம்பறதா இருந்தேன். மேனேஜர் போன் பண்ணினார். மூணு நாளாச்சு, அந்த அபார்ட்மென்ட் சங்கத்துக்காரங்க என் உயிரை வாங்கறாங்க, பழைய கட்டையையே இறுக்கிட்டு இன்னைக்கு ஓட விடு, நாளைக்கு மாத்திக்கலாம்னார். நான் இல்ல சார்னு சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் இறுக்கினேன். காலியா நாலு தடவை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்தேன். நின்னுச்சு. மாடி மாடியா பலகையைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன்.”

“எதுக்குடா சிரிச்சே?”

“கேட்கிட்ட வரும்போது மறுபடி கூப்பிட்டார். ஏழு மாடி ஏறி ஏறி அங்க எல்லாரும் இளைச்சுட்டாங்களாம், நாமதான் அவங்ககிட்ட ஜிம்முக்கு ஃபீஸ் வாங்கணும்னார். அது ஒண்ணும் பெரிய ஜோக் இல்லை. சிரிக்கலைன்னா கோபிச்சுக்குவார். அதான் சிரிச்சேன்.”

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. அக்காவுக்கு அந்த மேனேஜர் மேல் ஆத்திரம் வர வேண்டும். தம்பி மேலும் வர வேண்டும். இறந்தவரை நினைத்து அழ வேண்டும். வரிசையாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள், எதிலும் உணர்ச்சி இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

“அந்த வீடியோ உண்மைன்னு முத்திரை போட்டது நான்தான்டா.”

அவன் அவளைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. கோபப்படவும் இல்லை.

“சரியாத்தானேக்கா போட்டிருக்கே” என்றான்.

பால்கனிக் கதவருகே தம்பி மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்ட முகம். பார்த்து முடித்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“மேனேஜருக்கு. எனக்கு. இப்ப உங்க ரெண்டு பேருக்கு.”

“மேனேஜர் சொல்லுவாரா?”

“நான் கழட்டச் சொல்லவே இல்லைன்னு கம்பெனில எழுதிக் குடுத்துட்டாராம்.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்குப் பலகை இருந்துச்சுன்னு சொல்லிடுங்க” என்றாள். சத்தம் போடாமல், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்கிற குரலில் சொன்னாள். “போட்டோ இருக்குன்னு அண்ணி சொல்றாங்க. ஆறு மணிக்குப் போட்ட போட்டோ ஊருக்கே தெரியற மாதிரி இருக்கும். அஞ்சு இருபத்தொண்ணு யாருக்குத் தெரியும்?”

அக்கா போனை மடியில் வைத்திருந்தாள். ஆபீஸுக்கு அந்த நேரம் தெரியும். ஆனால் ‘ரெண்டு தடவை’யின் கையில் இருப்பது பதிமூன்று நிமிட இடைவெளி மட்டும்தான். அதற்குள் என்ன நடந்தது என்பது இந்தப் பால்கனியைத் தாண்டிப் போகவில்லை. போகாமல் வைத்திருக்கவும் முடியும். மேனேஜரை விட்டால் மூன்று பேர்தான், மூவரும் ஒரே குடும்பம்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

“எந்தப் பொண்ணு?”

“அவரோட மக. அவதான் போட்டோ அனுப்பினா.”

தம்பி கையை நீட்டினான். அக்கா போனைக் கொடுத்தாள். தான் எழுதியதை அவன் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படித்தான். குரல் பதிவைத் தட்டினான். சளி பிடித்த அந்தக் குரல் பால்கனியில் வந்து நின்றது. சந்தோஷமா ஏறினாரு என்ற இடத்தில் தம்பி மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். பலகையைக் கழட்டினது யாருன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க என்பதோடு அது முடிந்தது.

தம்பி கிரீஸ் போகாத கட்டை விரலால் மெதுவாக எழுதினான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.

“என்ன எழுதறீங்க?” என்றாள் மனைவி. அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

முடித்துவிட்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான். ‘நான்தான் கழட்டினேன். மெக்கானிக்.’ அவ்வளவுதான் இருந்தது. இன்னும் அனுப்பவில்லை.

“நீ அனுப்புக்கா” என்றான். “எனக்குக் கை வரலை.”

“அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

அக்கா அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் படித்தாயிற்று என்று காட்டியது. மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் எதுவும் வரவில்லை.

பிறகு போன் அடித்தது. அவள்தான்.

அக்கா எடுக்கப் போனாள். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.